விண்கலக் கிட்டில் டெக்கால் ஒட்டுவது: முதல் கிட் வாங்கியவர்களுக்கு, தண்டையார்பேட்டை மொட்டை மாடியிலிருந்து

கிட் என்றால் பாகம் பாகமாக வரும், நாமே சேர்த்துச் செய்யும் பிளாஸ்டிக் மாடல். டெக்கால் என்றால் அதன் மேல் ஒட்டும் எழுத்தும் கோடும் அச்சிட்ட மெல்லிய படலம். முதலில் ஒரு சின்னக் கணக்கு. சரக்குக் கப்பலின் முகப்பில், கப்பல் தண்ணீரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று காட்ட மேலிருந்து கீழாக எண்கள் எழுதியிருப்பார்கள். ராயபுரம், காசிமேடு பக்கம் சொந்தத்தில் யாராவது ஒருத்தர் துறைமுக வேலைக்குப் போகிறவராக இருப்பார், கேட்டுப் பாருங்கள். மெட்ரிக் முறையில் அந்த எண் ஒவ்வொன்றும் 10 செ.மீ. உயரம். அதே எண்ணை 1/72 மாடலில், அதாவது நிஜத்தை 72-ல் ஒரு பங்காகச் சுருக்கிய மாடலில் போட்டால் 1.4 மி.மீ. 1/144 மாடலில் 0.7 மி.மீ. 1/1000 மாடலில் 0.1 மி.மீ., அதாவது தலைமுடி கனம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு லாரி மாடல் செய்தால் அது எவ்வளவு பெரிய வண்டி என்று பார்க்கிறவருக்குத் தானாகத் தெரியும், தினமும் மணலி ரோட்டில் அதன் பின்னால் நின்று புகை குடிக்கிறவர்கள்தானே நாம். விண்கலத்தை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அது ஆட்டோ அளவா, ஒரு தெரு நீளமா என்பதைச் சொல்வது அதன் மேலே இருக்கிற குட்டி எழுத்துகளும் எச்சரிக்கைக் கோடுகளும்தான். அந்த எழுத்து ஸ்டிக்கர் மாதிரி விளிம்பு தூக்கிப் பளபளத்தால், எவ்வளவு நன்றாக பெயின்ட் அடித்திருந்தாலும் திருவிழாக் கடைப் பொம்மைதான். அதனால் கிட் செய்யும் வேலையில் பாதி நேரத்தை டெக்காலுக்கு ஒதுக்குங்கள். இந்தக் கட்டுரையிலும் அப்படித்தான் செய்திருக்கிறேன், மற்றதையெல்லாம் கொஞ்சம் வேகமாகத் தாண்டிப் போய்விடுவேன்.

எதை வாங்குவது

முதல் கிட் என்றால் பண்டாய் கம்பெனியின் 1/72 எக்ஸ்-விங் (ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் சண்டைக் கலம்) மாதிரி ஒன்றை வாங்குங்கள். 12.5 மீட்டர் கலம் சுமார் 17 செ.மீ.க்கு வரும், கையில் அடங்கும். பசை தேவையில்லை, அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக்கே நிறம் நிறமாக வருவதால் பெயின்ட் அடிக்காமலும் ஒப்பேற்றலாம். இன்னொரு நல்ல விஷயம், பெட்டிக்குள் ஒரே அடையாளங்கள் இரண்டு தாள்களில் இருக்கும். ஒன்று ஸ்டிக்கர், இன்னொன்று தண்ணீரில் ஊறவைத்து நகர்த்தும் டெக்கால். புதியவர்கள் பயந்துபோய் ஸ்டிக்கரை எடுப்பார்கள். நானும் எடுத்தேன். ஆறு மாதத்தில் வியர்வையும் தூசியும் விளிம்பில் ஏறி, ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்பு பார்டர் கட்டிவிட்டது. ஸ்டிக்கர் தாளை அப்படியே மடித்து வைத்துவிடுங்கள்.

ஸ்டார் டிரெக்கில் வரும் என்டர்பிரைஸ் மேல் ஆசைப்படுகிறவர்கள் இருப்பீர்கள். 289 மீட்டர் கப்பல், போலார் லைட்ஸின் 1/1000 கிட்டில் 29 செ.மீ. வரும். அழகுதான், ஆனால் பெரிய வழவழப்பான தட்டு, மூட்டை மறைக்க இடமே கிடையாது. மூன்றாவது கிட்டாக வைத்துக்கொள்ளுங்கள். 1960களிலிருந்து ஏ.எம்.டி. போட்டுவரும் பழைய அச்சுக் கிட்டுகளும் அப்படித்தான், பாகங்கள் ஒன்றோடொன்று சேரச் சண்டை போடும்.

கருவிகள்

பாகங்களை வெட்ட ஒரு நல்ல நிப்பர் வேண்டும். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள், நகவெட்டியால் வெட்டிய பாகம் வெள்ளையாக நசுங்கும். மற்றதெல்லாம் ஏரியாவிலேயே இருக்கிறது. உப்புத்தாளை ஹாபி கடையில் வாங்க வேண்டாம். கார் பெயின்ட் விற்கிற கடையில் வாட்டர் பேப்பர் என்று கேளுங்கள், 400, 600, 1000, 2000 நான்கும் ஒவ்வொரு தாள் வாங்கினால் வருஷம் ஓடும். டெக்கால் பிடிக்க, வாட்ச் ரிப்பேர்காரர்கள் வைத்திருக்கும் கூர்மையான சாமணம். ஒரு கட்டர் கத்தி, பத்துப் பிளேடு. காது குடையும் பட்ஸ், டிஷ்யூ பேப்பர், 0 எண்ணில் ஒன்று, 2 எண்ணில் ஒன்று என்று இரண்டு பிரஷ். வெளிச்சத்துக்கு, கேரம் கிளப்பில் போர்டுக்கு நேர் மேலே தொங்கவிடுவார்களே, அதே மாதிரி ஒரு ஷேடு பல்பு. நிழல் விழாமல் வேலை செய்ய அதைவிடச் சிறந்த விளக்கு நான் பார்க்கவில்லை. ஆனால் கேரம் பவுடர் இருக்கும் மேஜையில் பெயின்ட் வேலை வேண்டாம், அது எப்படியாவது ஈரப் பெயின்டில் வந்து உட்காரும்.

வெட்டு, ஒட்டு, தேய்

பாகங்கள் சட்டத்தோடு பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் ஒரு முறை அலசிக் காயட்டும். அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வருவதற்காகத் தடவும் எண்ணெய் மிச்சம் இருந்தால் பெயின்ட் பிடிக்காது. வெட்டும்போது இரண்டு வெட்டாக வெட்டுங்கள். முதல் வெட்டு பாகத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, காம்போடு கத்தரிக்காய் பறிக்கிற மாதிரி. இரண்டாவது வெட்டில் அந்தக் காம்பு. மிஞ்சும் சின்ன மேட்டை 600 எண் உப்புத்தாளில் தேய்த்துவிடலாம்.

பசை போடும் கிட் என்றால் தமியா எக்ஸ்ட்ரா தின் மாதிரி தண்ணீர் போல ஓடும் சிமென்ட் வாங்குங்கள். இரண்டு பாகத்தையும் முதலில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மூட்டில் பிரஷைத் தொட்டால் போதும், தானே இடுக்கெல்லாம் ஓடிப்போகும். அது பிளாஸ்டிக்கையே கரைத்து ஒன்றாக்குகிறது, அதனால் விரல் அந்த மூட்டின் மேல் இருந்தால் உங்கள் ரேகையும் கலத்தில் பதியும். நொடியில் ஒட்டும் பசையை விமானி உட்காரும் கண்ணாடிப் பாகத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் புகையாகப் படியும். அங்கே சாதாரண வெள்ளை ஃபெவிகால் போதும். அப்புறம், இந்த சிமென்ட், தின்னர் எல்லாம் சட்டென்று தீப்பிடிக்கும் ரகம். காலுக்கடியில் கொசுவர்த்தி ஏற்றி வைத்துக்கொண்டு வேலை செய்யும் நம் பழக்கம் இங்கே ஆகாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், கொசு கடித்தால் கடிக்கட்டும்.

மூட்டுக்கோட்டுக்குப் பட்டி வைக்க வேண்டியிருக்கும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருமுனை ஷெட்டில் டிரெய்லருக்கு டிங்கரிங் முடித்துப் பட்டி பார்க்கும் அண்ணன் ஒருவர். பட்டி வைத்து இரண்டு மணி நேரத்தில் நான் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு வழவழன்னுதான் இருக்கும் தம்பி, நாளைக்கு உள்ள இழுத்துக்கும்" என்றார். மறுநாள் காலையில் பார்த்தால் மூட்டு இருந்த இடத்தில் லேசான பள்ளம். பட்டி காய்ந்து சுருங்கி முடிந்த பிறகுதான் தேய்க்க வேண்டும். ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள், மழைக்காலத்தில் இரண்டு ராத்திரி.

பெயின்ட்: நேரம் பார்த்து அடிக்க வேண்டும்

வடசென்னையில் இந்தப் பொழுதுபோக்குக்கு எதிரி காற்றில் இருக்கும் ஈரம். ஸ்பிரே கேனிலிருந்து வரும் லேக்கர் பெயின்ட் காயும்போது அதன் கரைப்பான் சட்டென்று ஆவியாகி மேற்பரப்பைக் குளிர்விக்கும், அந்தக் குளிரில் காற்றின் ஈரம் படிந்து பெயின்ட் வெளுத்துப் போகும். ஒரு நவம்பர் மாதம், மழை விட்ட சாயங்காலம், இனிமேல் வராது என்று நம்பி மாடிக்குப் போய் வார்னிஷ் அடித்தேன். பத்து நிமிஷத்தில் கருநீலக் கலம் முழுக்கத் திருநீறு பூசின மாதிரி ஆகிவிட்டது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "விபூதி நல்லாதான் இருக்கு, குங்குமம் எங்கே?" என்று கேட்டுவிட்டுப் போனார். நல்லவேளையாக லேக்கருக்கு மருந்து உண்டு. வெயில் அடிக்கும் ஒரு நாளில் அதே வார்னிஷை மெலிசாக இன்னொரு தடவை அடித்தால் பழைய பூச்சு இளகி வெளுப்பு பெரும்பாலும் போய்விடும்.

என் அனுபவத்தில் இங்கே நல்ல நேரம் காலை பத்தரையிலிருந்து கடல்காற்று கிளம்பும் வரை. விடிகாலையில் ஈரம் அதிகம், மதியத்துக்கு மேல் கடல்காற்று ஈரத்தோடு தூசியையும் கொண்டுவரும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வெட்டுவது, ஒட்டுவது, தேய்ப்பது என்று வைத்துக்கொண்டு, பெயின்டைப் பொங்கலுக்குப் பிறகு அடிக்கலாம். கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷம் நிறுத்தி, நன்றாகக் குலுக்கி, 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, மெலிசு மெலிசாக மூன்று தடவை. வெதுவெதுப்புதான், கொதிநீர் இல்லை, அடுப்புப் பக்கம் கேன் போகவே கூடாது. மாஸ்க் போடுங்கள். முதலில் பிரைமர் என்கிற அடிப்பூச்சு, அது காய்ந்ததும் மூட்டைச் சரிபார்த்து, பிறகு நிறம்.

நிறம் முடிந்ததும் பளபளப்பு வார்னிஷ். "கடைசியில் பளபளப்பில்லாத மேட்தானே வேண்டும், நடுவில் எதற்குப் பளபளப்பு" என்று எல்லோரும் கேட்பார்கள். மேட் பெயின்ட் என்பது கிட்டே போய்ப் பார்த்தால் உப்புத்தாள். அந்த மேடு பள்ளத்தின் மேல் டெக்காலின் மெல்லிய படலம் உட்காரும்போது, பள்ளங்களில் காற்று மாட்டிக்கொள்ளும், அது வெளிச்சத்தில் வெள்ளி மாதிரி மினுங்கும். சில்வரிங் என்பது இதுதான். மேற்பரப்பு கண்ணாடி மாதிரி இருந்தால் காற்றுக்கு இடமே இல்லை. இந்த ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் பின்னால் சொல்லப்போகும் எதுவும் உதவாது. அடித்து ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

டெக்கால்

முதலில் தண்ணீர். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு, கடல் பக்கமிருந்து ஏறிய உப்பு. என் இரண்டாவது கிட்டில் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும், மறுநாள் ஒவ்வொரு டெக்காலைச் சுற்றியும் வெள்ளை வளையம், சிலவற்றின் அடியிலும் புள்ளி புள்ளியாக. சில்வரிங் என்று நினைத்து மருந்து மருந்தாகப் பூசினேன், போகவில்லை. போகாதுதான், அது தண்ணீர் காய்ந்து மிஞ்சிய உப்பு. அன்றிலிருந்து கேன் தண்ணீர்தான். வண்டி பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது, ஒரு பாட்டில் பல கிட்டுக்கு வரும்.

அடுத்தது மின்விசிறி. நிறுத்திவிடுங்கள். ஊறி நழுவும் நிலையில் இருக்கும் 2 மி.மீ. டெக்கால் காற்றில் பறந்துபோய் எங்கே ஒட்டியது என்று கண்டுபிடிக்க முடியாது (என்னுடையது ஒன்று இரண்டு நாள் கழித்து என் முழங்கையில் கிடைத்தது). விசிறி இல்லாவிட்டால் வியர்க்கும், நெற்றியிலிருந்து சொட்டு நேராகக் கலத்தின் மேல் விழும். தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள், யார் பார்க்கப் போகிறார்கள்.

இரண்டு மருந்துகள் வேண்டும். ஒன்று அடியில் தடவுவது, டெக்கால் நன்றாகப் பிடிக்க உதவும். மைக்ரோ செட், மிஸ்டர் மார்க் செட்டர் எல்லாம் இந்த வகை. மற்றது மேலே தடவுவது, படலத்தை இளக்கிப் பள்ளங்களுக்குள் இறக்கும். மைக்ரோ சால், மிஸ்டர் மார்க் சாஃப்டர் இந்த வகை. பாட்டில்களை மாற்றி எடுத்துவிடாதீர்கள். முதல் வகை கிடைக்கவில்லை என்றால் வெள்ளை வினிகரில் தண்ணீர் கலந்து தடவிச் சமாளிக்கலாம், மைக்ரோ செட்டிலும் அந்த வாசனைதான் வரும். இரண்டாவதற்கு வீட்டுச் சரக்கில் நம்பகமான மாற்று கிடையாது, வாங்கிவிடுங்கள்.

இப்போது வேலை. கலத்தின் அடிப்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள், அங்கே கோணலானால் யாருக்கும் தெரியாது. புது பிளேடால் ஒரே ஒரு டெக்காலை மட்டும் வெட்டி எடுங்கள், அச்சிட்ட பகுதியைச் சுற்றித் தெரியும் வெறும் படலத்தை முடிந்தவரை ஒட்ட வெட்டுங்கள், குறிப்பாக மூலைகளை. சாமணத்தால் பிடித்து 10 முதல் 15 விநாடி தண்ணீரில் முக்கி, எடுத்து டிஷ்யூ மேல் வைத்து ஒரு நிமிஷம் காத்திருங்கள். தண்ணீருக்குள்ளேயே கழன்று மிதக்கும் வரை விட்டால் பின்பக்கப் பசை கரைந்து போய்விடும். பிரஷால் லேசாகத் தள்ளிப் பாருங்கள், தாளின் மேல் நகர்ந்தால் தயார். நகரவில்லையா, இன்னும் அரை நிமிஷம். பலவந்தம் பண்ணினால் கிழியும்.

ஒட்டப்போகும் இடத்தில் முதல் மருந்தைத் தாராளமாகத் தடவி, குட்டிக் குளம் மாதிரி ஈரமாக வையுங்கள். தாளோடு டெக்காலை அந்த இடத்தின் பக்கத்தில் வைத்து, பிரஷால் தாளிலிருந்து கலத்துக்கு நகர்த்துங்கள். தூக்கி வைக்கக் கூடாது, நகர்த்த வேண்டும். தூக்கினால் சுருண்டு தனக்குத்தானே ஒட்டிக்கொள்ளும். அப்படி ஆகிவிட்டால் விரலால் பிரிக்க முயற்சி பண்ணாமல் கலத்தின் மேலேயே நிறையத் தண்ணீர் விட்டு மிதக்கவிடுங்கள், பிரஷ் நுனியால் தொட்டால் பெரும்பாலும் தானே விரியும். நீளமான கோடுகளுக்கு முன்கூட்டியே மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு நேர்கோடு வைத்துக்கொண்டால் கண்ணை நம்ப வேண்டியதில்லை.

இடம் சரியானதும் டிஷ்யூவின் முனையை டெக்காலின் விளிம்பில் தொட்டுத் தண்ணீரை உறிஞ்சவிடுங்கள். ஈரமான பட்ஸை நடுவிலிருந்து வெளியே உருட்டுங்கள். தேய்க்கக் கூடாது, சப்பாத்திக் கட்டை மாதிரி உருள வேண்டும். இரண்டு நிமிஷம் கழித்து மேல் மருந்தை மெலிசாக ஒரு கோட்டிங். இப்போதுதான் உங்கள் பொறுமைக்குப் பரீட்சை. டெக்கால் கண்ணெதிரே சுருங்கி, பாட்டி கை மாதிரி ஆகும். கெட்டுப் போய்விட்டது என்று நினைத்து எல்லோரும் தொடுவார்கள், தொட்டால் உண்மையிலேயே கெட்டுவிடும், அந்த நேரத்தில் அது பால் ஆடையைவிட மெலிசு. எழுந்து போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். அரை மணி நேரத்தில் தானே இழுத்துக்கொண்டு, பேனல் கோடுகளும் (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பள்ளக் கோடுகள்) ஆணித் தலைகளும் அதன் வழியாகத் தெரிய ஆரம்பிக்கும், பெயின்டால் எழுதின மாதிரி.

பிடிவாதம் பிடிக்கும் டெக்காலுக்கு இன்னும் இரண்டு, மூன்று தடவை மருந்து கொடுக்கலாம், ஒவ்வொன்றும் முழுக்கக் காய்ந்த பிறகு. பள்ளமான கோட்டின் மேல் பாலம் மாதிரி நின்றால் பிளேடு நுனியால் கோட்டின் மேலேயே மெதுவாக வெட்டி, மருந்து விடுங்கள், இறங்கிவிடும். காற்றுக்குமிழ் இருந்தால் ஊசியால் குத்தி அதே வைத்தியம். வளைவில் உட்கார மறுத்தால், சூடான தண்ணீரில் நனைத்த பட்ஸை மேலே வைத்து லேசாக அழுத்துங்கள். அடியில் மாட்டிய காற்றைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, அறை விளக்கை அணைத்துவிட்டுப் போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடிப்பது. மினுங்குகிற இடமெல்லாம் காற்று.

ஒரு உட்காரலில் எட்டு, பத்து டெக்காலுக்கு மேல் வேண்டாம். ஒரு பக்கத்தை முடித்து, காயவிட்டு, மறுநாள் அடுத்த பக்கம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தால் இடது இறக்கையில் ஒட்டியதை வலது இறக்கை பார்க்கும்போது கட்டைவிரலோடு எடுத்துக்கொண்டு வருவீர்கள்.

பழைய கிட் கையில் கிடைத்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. டெக்கால் தாள் மஞ்சளாகியிருந்தால் ஜிப் கவரில் போட்டு வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் உட்பக்கம் ஒட்டி வையுங்கள், சில நாள் வெயிலில் மஞ்சள் வெளுக்கும். அப்புறம் வேண்டாத ஒரு டெக்காலை ஊறவைத்துப் பாருங்கள். அப்பளம் மாதிரி உடைந்தால், தாள் முழுக்கப் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட்டிங் அடித்துக் காயவைத்த பிறகு ஒவ்வொன்றையும் ஒட்ட வெட்டிப் பயன்படுத்துங்கள். என்டர்பிரைஸின் தட்டு முழுக்க மூடும் அஸ்டெக் டெக்கால்களுக்கும் (தகடு தகடாகத் தெரியும் கட்ட வடிவங்கள்) முன்னால் சொன்ன அதே ஒட்டும் முறைதான், தண்ணீர் மட்டும் இரண்டு மடங்கு, நடுவிலிருந்து விளிம்புக்கு, ஒரு நாளைக்கு ஒரு துண்டு.

மூடி வைப்பது

எல்லாம் காய்ந்ததும் ஈரத்துணியால் கலத்தை மெதுவாகத் துடைத்துவிடுங்கள், வழிந்த பசை இருந்தால் பின்னாளில் பழுப்பாகத் தெரியும். ஒரு நாள் விட்டு இன்னொரு பளபளப்புக் கோட்டிங், அது டெக்காலின் விளிம்பை மறைத்துப் பூட்டிவிடும். பிறகு பேனல் கோடுகளில் தின்னரில் கரைத்த எனாமல் பெயின்டை ஓடவிட்டுத் துடைக்கலாம், கறுப்பு வேண்டாம், அடர் சாம்பலோ பழுப்போ போதும், கறுப்புக் கோடு சின்னக் கலத்தைக் கார்ட்டூன் ஆக்கிவிடும். பூட்டிக்கொள்ளும் கிட்டில் வெறும் பிளாஸ்டிக் மேல் எனாமல் தின்னர் படக் கூடாது, இறுக்கமான மூட்டுகளில் விரிசல் விடும். கடைசியாக மேட் வார்னிஷ், அதே காலை பத்தரை மணி விதியோடு. அது விழுந்த நிமிஷம் டெக்காலும் பெயின்டும் ஒரே தோலாகிவிடும், 1.4 மி.மீ. எழுத்தைக் குனிந்து படிக்கத் தோன்றும்.

ஒட்டாமல் மிஞ்சிய டெக்கால்களைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு ஜிப் கவரில் போட்டு அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில், அதாவது வீட்டிலேயே ஈரம் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். அடுத்த கிட்டில் புது மருந்தைச் சோதித்துப் பார்க்க அவைதான் வேண்டும்.